இத்தாலியில் மேயர் ஒரு கட்சி, பிராந்தியத் தலைவர் வேறு கட்சி: ஒரே மக்கள்தானே வாக்களிக்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கேட்டவரின் மாமா மகன் பலேர்மோவில் இருக்கிறார். இத்தாலியக் குடியுரிமை வந்துவிட்டது, 2027இல் முதல் முறையாக மேயர் தேர்தலில் வாக்களிக்கப் போகிறார். "ஜெனோவாவில் இடதுசாரி மேயர், அந்தப் பிராந்தியத்துக்கு வலதுசாரித் தலைவர். ரோமிலும் அதே கதை. நாட்டை ஆள்வது வலதுசாரி மெலோனி. ஊருக்கு ஒன்று, பிராந்தியத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் குத்துகிறார்களா? இந்தத் தேர்தல்கள் எப்படித்தான் நடக்கின்றன?" இதுதான் கேள்வி.

மாற்றிக் குத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு. ஊருக்கு ஒரு விதி, பிராந்தியத்துக்கு வேறு விதி என்பது ஒன்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் வீட்டை விட்டுக் கிளம்பி வருகிற கூட்டமே வேறு என்பது இன்னொன்று. இவை புரிந்துவிட்டால் முடிவுகளில் பாதிக்கு மேல் மர்மம் போய்விடும்.

ரோமையே எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபரில் மேயர் தேர்தல். முதல் சுற்றில் வலதுசாரிக் கூட்டணியின் மிக்கெத்தி 30 சதவீதம் வாங்கி முதலிடம். இடதுசாரிப் பக்கத்து ஜனநாயகக் கட்சியின் குவால்தியேரி 27 சதவீதம். தனியாக நின்ற கலெந்தாவுக்கு ஏறக்குறைய 20. இடது, வலது என எந்த அணியிலும் சேராமல் தொடங்கிய ஐந்து நட்சத்திர இயக்கத்தின் விர்ஜீனியா ராஜ்ஜி, அப்போது மேயராக இருந்தவர், 19 சதவீதத்தோடு நான்காவது இடம். பதவியில் இருக்கும் மேயர் நான்காவது! யாருக்கும் பாதி கிடைக்கவில்லை என்பதால் இரண்டு வாரம் கழித்து முதல் இருவருக்கும் நேரடிப் போட்டி. அதில் குவால்தியேரி 60, மிக்கெத்தி 40. முதலில் வந்தவர் இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். மிக்கெத்தியின் ஆட்கள் அணி மாறிவிடவில்லை. அவருக்கு வாக்குகள் கொஞ்சம் கூடவே செய்தன. ஆனால் வெளியேறியவர்களின் வாக்காளர்களில் பெரும்பாலோர் ஒன்று எதிர்ப்பக்கம் போனார்கள், அல்லது வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இந்த இரண்டாம் சுற்றை இத்தாலியர் 'பலொத்தாஜ்ஜோ' என்பார்கள். 15,000 பேருக்கு மேல் உள்ள எல்லா ஊர்களுக்கும் இது உண்டு. உங்களை நேசிப்பவர்கள் எத்தனை பேர் என்பது முதல் சுற்றில் தெரியும். வெறுக்காதவர்கள் எத்தனை பேர் என்பது இரண்டாவதில் தெரியும். பெரிய நகரங்களில் வலதுசாரிகள் அடிக்கடி சறுக்குவது இந்த இடத்தில்தான். இது இடதுசாரிகளுக்கு மட்டும் கிடைத்த வரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2016இல் தூரின் நகரில் ஜனநாயகக் கட்சியின் மேயர் ஃபஸ்ஸீனோ முதல் சுற்றில் 11 புள்ளி முன்னிலை வைத்திருந்தார். இரண்டாம் சுற்றில் ஐந்து நட்சத்திர இயக்கத்தின் கியாரா அப்பென்தீனோ அவரை வீழ்த்தினார், வலதுசாரி வாக்காளர்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்ததால். 2012இல் பார்மா நகரில் அதே இயக்கத்தின் பித்ஸரொத்தி முதல் சுற்றில் வாங்கியது 20 சதவீதத்துக்கும் குறைவு, இரண்டாம் சுற்றில் 60. அந்த இயக்கம் பிடித்த முதல் பெரிய நகரம் அதுதான்.

பிராந்தியத் தேர்தலில் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே சுற்று, அதிக வாக்கு வாங்கியவர் தலைவர், அவ்வளவுதான். (டஸ்கனி விதிவிலக்கு. அங்கே யாரும் 40 சதவீதத்தைத் தொடாவிட்டால் மறுசுற்று.) ஆகவே பிராந்தியத்தில் முன்கூட்டியே கூட்டணி சேராதவர்கள் தொலைந்தார்கள். ரோம் நகரம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் 2023 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சி ஒருபக்கம், ஐந்து நட்சத்திர இயக்கம் ஒருபக்கம் நின்றன. வலதுசாரியான ரொக்கா 54 சதவீதத்தோடு ஜெயித்தார். எதிர்ப்பக்கம் ஒன்றுசேர்ந்திருந்தாலும் கணக்குப்படி அவர்தான் வந்திருப்பார், உண்மை. ஆனால் வாக்களித்தது எத்தனை பேர் தெரியுமா? 37 சதவீதம். நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் வரவே இல்லை. 'ரோம் மக்கள் பதினாறு மாதத்தில் மனம் மாறினார்கள்' என்று ஒருவர் எழுதினால் நான் நம்பமாட்டேன்.

ஜெனோவா கதை இன்னும் சுவாரசியம். லிகூரியா பிராந்தியத் தலைவர் தோத்தி 2024 மே மாதம் ஊழல் வழக்கில் கைதாகி, பிறகு ராஜினாமா செய்தார். அக்டோபரில் இடைக்காலத் தேர்தல். ஜெனோவாவின் மேயராக இருந்த புச்சியையே வலதுசாரிகள் நிறுத்தினார்கள். பிராந்தியம் முழுவதும் சேர்த்து சுமார் 8,000 வாக்கில் அவர் ஜெயித்தார். ஆனால் தான் மேயராக இருந்த ஜெனோவா நகருக்குள் அவர் பின்தங்கினார். அவரைக் காப்பாற்றியது பிரான்ஸ் எல்லையை ஒட்டிய இம்பேரியா பக்கத்து வாக்குகள். அவர் விட்டுப்போன மேயர் நாற்காலிக்கு 2025 மே மாதம் தேர்தல் வந்தது. சுத்தியெறிதல் வீராங்கனையாக இருந்த சில்வியா சாலிஸ் இடதுசாரிகள் சார்பில் நின்று முதல் சுற்றிலேயே பாதியைத் தாண்டினார். நகரம் எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருந்தது. முதல் தேர்தலில் அதைச் சுற்றிய மலைகளும் கடற்கரை ஊர்களும் சேர்த்து எண்ணப்பட்டன. இரண்டாவதில் எண்ணப்படவில்லை.

சரி, இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

1993க்கு முன் இத்தாலியில் மேயரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலுக்கு வாக்களிப்பார்கள், பிறகு கட்சிகள் மூடிய அறைக்குள் உட்கார்ந்து யார் மேயர் என்று பேசி முடிக்கும். பேரம் முறிந்தால் மேயரும் மாறுவார். அதற்கும் முன்பு 1950களில் நேப்பிள்ஸில் கப்பல் முதலாளி அக்கில்லே லவுரோ மேயராக இருந்த காலத்துக் கதையை இன்றும் சொல்வார்கள்: தேர்தலுக்கு முன் ஒரு கால் செருப்பு, ஜெயித்த பிறகு மறு கால் செருப்பு. எந்த அளவுக்கு உண்மையோ, கதை மட்டும் சாகவில்லை. 1992 பிப்ரவரியில் மிலானில் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகி 70 லட்சம் லீரா லஞ்சத்தோடு பிடிபட்டார். அந்த நூலை இழுக்க இழுக்க, நாற்பது ஆண்டுகளாக ஆண்ட கட்சிகள் மொத்தமாகச் சரிந்தன. அந்தக் கோபத்தின் நடுவே, 1993 மார்ச்சில் வந்த 81ஆம் எண் சட்டம் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களுக்குக் கொடுத்தது. உங்கள் மாமா மகனிடம் சொல்லுங்கள், சிசிலி இதை ஓராண்டு முன்னதாகவே, 1992இல் தன் சொந்தச் சட்டத்தால் செய்துவிட்டது.

1993 இறுதியில் நடந்த தேர்தல்கள்தான் இன்றைய இத்தாலிய அரசியலின் பிள்ளையார் சுழி என்று சொல்வேன். ரோமில் ருத்தெல்லிக்கும் முசோலினி மரபிலிருந்து வந்த கட்சியின் தலைவர் ஃபீனிக்கும் போட்டி. நேப்பிள்ஸில் முன்னாள் கம்யூனிஸ்ட் பஸ்ஸோலீனோவுக்கு எதிரே முசோலினியின் பேத்தி அலெஸ்ஸாந்த்ரா. இரண்டிலும் இடதுசாரிகள் ஜெயித்தார்கள், ஆனால் தோற்றவர்கள் வாங்கிய வாக்கு எல்லோரையும் நிமிர வைத்தது. பொலோன்யாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடை வளாகத்தைத் திறக்கவந்த தொலைக்காட்சி முதலாளி ஒருவரிடம் நிருபர்கள் கேட்டார்கள், ரோமில் வாக்கிருந்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று. ஃபீனிக்கு என்றார். இரண்டு மாதத்தில் அவரே அரசியலுக்கு வந்தார்: சில்வியோ பெர்லுஸ்கோனி. பலேர்மோவில் அதே மாதம் மாஃபியா எதிர்ப்பாளர் லியொலூக்கா ஒர்லாந்தோ முதல் சுற்றிலேயே 75 சதவீதம் அள்ளினார்.

சட்டம் மேயரின் கையை பலமாக்கியது. பெரிய ஊர்களில் ஜெயித்த மேயரை ஆதரித்த வேட்பாளர் பட்டியல்களுக்குப் பொதுவாக 60 சதவீத இடம் கவுன்சிலில் உறுதி, சின்ன ஊர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் இதற்கு ஒரு பொறி உண்டு. வாக்காளர் மேயருக்கு ஒருவரையும், கவுன்சிலுக்கு எதிரணிப் பட்டியலையும் தேர்ந்தெடுக்கலாம். இதைப் 'பிரித்த வாக்கு' என்பார்கள். எதிரணிப் பட்டியல்கள் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் மேயருக்கான அந்த 60 சதவீத உறுதி போயிற்று. தெற்கே லெச்சே நகரில் 2017இல் அதுதான் நடந்தது. இடதுசாரி சல்வெமீனி மேயரானார், கவுன்சில் பெரும்பான்மை வலதுசாரிகளுக்கு என்று வழக்குமன்றம் முடிவு செய்தது. இப்படிப்பட்ட மேயருக்கு இத்தாலியில் 'நொண்டி வாத்து' என்று பெயர். கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்துவிட்டு ராஜினாமா செய்தார், மறு தேர்தலில் திரும்பி வந்தார்.

இன்னொரு விதி: மேயர் விழுந்தால் கவுன்சிலும் விழும், கவுன்சிலில் பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் விலகினால் மேயரும் விழுவார். 2015இல் ரோம் மேயர் மரீனோவுக்கு இப்படித்தான் முடிவு வந்தது. விருந்துச் செலவு ரசீதுகள் பற்றிய சர்ச்சையில் ராஜினாமா கொடுத்தார், பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களும் எதிரணியில் சிலருமாக 26 கவுன்சிலர்கள் ஒரு நோட்டரி முன்னால் போய் விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஆட்டம் முடிந்தது. ஒரு தலைநகரத்தின் மேயரைச் சபையில் விவாதம்கூட இல்லாமல் நோட்டரி அலுவலகத்தில் வீட்டுக்கு அனுப்பியதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

பிராந்தியங்களுக்கு வருவோம். மொத்தம் 20. அதில் சிசிலி, சர்தேன்யா, அவோஸ்தா பள்ளத்தாக்கு, திரென்தீனோ-தென் திரோல், ஃப்ரியூலி-வெனெட்ஸியா ஜூலியா ஆகிய ஐந்துக்கும் தனி அந்தஸ்து, தனி விதிகள். சிசிலியர் தங்கள் பிராந்திய மன்றத்தை 1947 ஏப்ரலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நாட்டின் அரசியல் சட்டம் அமலாவதற்கும் முன்னால். மற்ற 15 பிராந்தியங்களையும் அமைப்பதாக அரசியல் சட்டம் 1948லேயே உறுதி சொல்லியும், ரோம் அரசு 1970 வரை தேர்தல் நடத்தவில்லை. மத்திய இத்தாலி கம்யூனிஸ்ட் கையில் போய்விடும் என்ற பயம் முக்கியக் காரணம். பயந்தபடியேதான் நடந்தது. எமீலியா-ரொமாஞா, டஸ்கனி, உம்பிரியா மூன்றும் சிவப்பாகின. 1999இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பிராந்தியத் தலைவரையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகள் அவரைக் 'கவர்னர்' என்று எழுதும், சட்டத்தில் அப்படியொரு பெயர் இல்லை. அவருடைய பட்ஜெட்டின் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஸ்கேன் எடுக்க எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்பதுதான் பிராந்தியத் தேர்தலின் நிஜமான கேள்வி. ஆனால் பிரசார மேடையில் யாரும் அதைப் பேசமாட்டார்கள், ரோமைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அப்படிப் பேசிப் பேசியே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இடதுசாரிப் பிரதமர் தலேமா 2000 ஏப்ரலில் பிராந்தியத் தேர்தலைத் தன் மீதான தீர்ப்பாக்கிக்கொண்டார். வடக்கில் பெரும்பகுதி போனது, மறுநாளே ராஜினாமா. 2005இல் பெர்லுஸ்கோனி அணி பெரும்பாலான பிராந்தியங்களை இழந்ததால் அவர் அரசைக் கலைத்து மறுபடி அமைக்கவேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் எமீலியா-ரொமாஞாவில் வலதுசாரி லேகா கட்சியின் சல்வீனி, இங்கே ஜெயித்தால் ரோம் அரசு கவிழும் என்று ஊர் ஊராகச் சுற்றினார். பொலோன்யாவில் ஒரு வீட்டு அழைப்பு மணியை அழுத்தி, இங்கே போதைப்பொருள் விற்கிறீர்களா என்று கேமரா முன்னால் கேட்டார். அவருக்கு எதிராக 'மத்தி மீன்கள்' என்ற பெயரில் இளைஞர்கள் சதுக்கங்களை நிரப்பினார்கள். 2014இல் 37.7 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 67.7 ஆனது, பதவியில் இருந்த இடதுசாரித் தலைவர் பொனாச்சீனி 51 சதவீதத்தோடு தப்பினார். உள்ளாட்சி, பிராந்தியத் தேர்தல் எப்போது நாட்டுத் தேர்தலாகிறது என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஒரு தேசியத் தலைவர் வந்து அதைப் பந்தயமாக வைக்கும்போது மட்டும். மற்றபடி அது ஊர்க்கணக்கு.

அதற்கு 2024 சர்தேன்யா நல்ல உதாரணம். அங்கே இருந்த தலைவரை ஒதுக்கிவிட்டு, காக்லியாரி நகர மேயர் த்ரூட்ஸூவைத்தான் நிறுத்தவேண்டும் என்று மெலோனி தரப்பு பிடிவாதம் பிடித்தது. வலதுசாரிப் பட்டியல்கள் மொத்தத்தில் அதிக வாக்கு வாங்கின. ஆனாலும் தலைவரானது ஐந்து நட்சத்திர இயக்கத்தின் அலெஸ்ஸாந்த்ரா தொத்தே, சுமார் 1,600 வாக்கில். பட்டியலுக்குத் தங்கள் ஆள், தலைவருக்கு எதிராள் என்று பலர் பிரித்துப் போட்டிருந்தார்கள். த்ரூட்ஸூவைத் தினமும் பார்த்த காக்லியாரிக்காரர்களே அவரைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். இதற்கு நேர் எதிர், வெனெத்தோ பிராந்தியத் தலைவராக இருந்த லூகா ட்ஸாயா. 2020இல் அவருக்கு 76.8 சதவீதம். அதில் அவர் பெயரில் போட்ட சொந்தப் பட்டியல் 44 சதவீதத்துக்கு மேல், அவருடைய கட்சியான லேகாவுக்கு 17கூட இல்லை. இப்படிப்பட்டவர்கள் கட்சித் தலைமைக்குத் தலைவலி. 2025இல் அரசியல் சட்ட நீதிமன்றம், கம்பானியா பிராந்தியத் தலைவராக இருந்த தெ லூகா மூன்றாம் முறை நிற்க வழிசெய்த சட்டத்தை ரத்து செய்தது. ட்ஸாயாவும் நிற்க முடியவில்லை. ரோமில் இரண்டு பக்கத் தலைமைகளும் அன்று ரகசியமாக நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும் என்பது என் ஊகம்.

பெரிய ஊர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இத்தாலியில் ஏறக்குறைய 7,900 நகராட்சிகள் உண்டு. இருபத்தேழு லட்சம் பேர் வாழும் ரோமும் நகராட்சிதான், லொம்பார்தி மலையில் முப்பது பேர் சொச்சம் வாழும் மொர்தெரோனேயும் நகராட்சிதான். அங்கும் மேயர், கவுன்சில் எல்லாம் உண்டு. சின்ன ஊர்களில் பல சமயம் ஒரே பட்டியல் மட்டும் நிற்கும். அப்போது எதிரி, வாக்களிக்க வராதவர்கள்தான்: குறிப்பிட்ட அளவு வாக்குப் பதிவாகாவிட்டால் தேர்தல் செல்லாது, அரசு அனுப்பும் ஆணையர் ஊரை நிர்வகிப்பார். மாஃபியா ஊடுருவிய கவுன்சில்களைக் கலைக்கும்போதும் அதே ஆணையர் ஏற்பாடுதான். 2012இல் ரெஜ்ஜோ கலாப்ரியாவுக்கே அது நடந்தது. அப்புறம் ஒரு வேடிக்கை. ஆயிரம் பேருக்குக் குறைவான ஊர்களில் பட்டியல் போடக் கையெழுத்து சேகரிக்க வேண்டியதில்லை. காவல்துறை, சிறைத்துறை ஊழியர்கள் வேட்பாளரானால் பிரசாரத்துக்கு விடுப்பு கிடைக்கும். விளைவு, அந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்திராத சிறைக்காவலர்கள் பட்டியல் போட்டு, ஒரு வாக்குகூட வாங்காமல், விடுமுறையை அனுபவித்த செய்திகள் அடிக்கடி வந்திருக்கின்றன.

இனி உங்கள் மாமா மகனுக்கு. பலேர்மோவில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். பெல்லெக்ரீனோ மலை ஏறி புனித ரொசாலியாவை வணங்குகிறார்கள், ஊரின் பகுதியாகவே ஆகிவிட்டார்கள். ஆனால் குடியுரிமை இல்லாதவரை மேயர் தேர்தலில் வாக்கு இல்லை. ஜெர்மனியிலிருந்தோ ருமேனியாவிலிருந்தோ வந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர் என்பதால் பதிவு செய்துகொண்டு நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். முப்பது ஆண்டு இருந்த யாழ்ப்பாணத்துக்காரரால் முடியாது. ஒர்லாந்தோ மேயராக இருந்த 2013இல், வெளிநாட்டவர் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'பண்பாடுகளின் ஆலோசனைக் குழு' ஒன்றை நகராட்சி அமைத்தது. ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. குடியுரிமைக்கான பத்தாண்டுக் காத்திருப்பை ஐந்தாகக் குறைக்கக் கேட்ட 2025 ஜூன் வாக்கெடுப்பில் முப்பது சதவீதம் பேர்தான் வந்தார்கள். பாதிப் பேர் வராததால் அது செல்லாமல் போனது.

சிசிலியில் அவர் கவனிக்கவேண்டிய ஒரு வித்தியாசம்: அங்கே முதல் சுற்றில் 50 வேண்டாம், 40 சதவீதம் போதும். 2022இல் வலதுசாரிகளின் லகல்லா 48 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கி, மறுசுற்று இல்லாமலே மேயரானார். அதே வாக்கு நேப்பிள்ஸில் என்றால் இன்னும் இரண்டு வாரம் தூக்கம் கெட்டிருக்கும். எனவே பலேர்மோவில் 'முதலில் மனசுக்குப் பிடித்தவருக்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற உத்தி ஆபத்து. அந்த 2022 தேர்தல் நாள் காலையில் இன்னொன்றும் நடந்தது. மாலையில் பலேர்மோ கால்பந்து அணிக்கு, மேல் பிரிவுக்குப் போவதா இல்லையா என்று தீர்மானிக்கும் ஆட்டம். வாக்குச்சாவடித் தலைவர்கள் பல பத்துப் பேர் வேலைக்கே வரவில்லை. சாவடிகள் மணிக்கணக்கில் தாமதமாகத் திறந்தன. அணி ஜெயித்தது, மேல் பிரிவுக்கும் போனது.

நடைமுறை சிம்பிள். நகராட்சி தரும் வாக்காளர் அட்டையும் அடையாள அட்டையும் வேண்டும். அட்டையில் முத்திரைக்கு 18 கட்டம், நிரம்பினால் புதியது வாங்கவேண்டும். வாக்குச்சீட்டில் மேயர் பெயர்களும் பக்கத்தில் அவர்களுடைய பட்டியல் சின்னங்களும் இருக்கும். பட்டியலை மட்டும் குறித்தால் அந்த வாக்கு மேயருக்கும் சேரும். மேயரை மட்டும் குறித்தால் பட்டியலுக்குச் சேராது. கவுன்சிலருக்குப் பெயரைக் கையால் எழுதவேண்டும். இரண்டு பெயர் எழுதலாம், ஆனால் ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் ஒரே பாலாக இருந்தால் இரண்டாவது செல்லாது. தமிழ்ப் பெயர் உள்ள வேட்பாளருக்குப் போடப்போகிறார் என்றால் எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கைபேசியைச் சாவடி மேசையிலேயே விட்டுவிட்டுத்தான் மறைப்புக்குள் போகவேண்டும். குறித்த சீட்டைப் படமெடுத்து அனுப்பிக் காசு வாங்கிய காலம் இருந்ததால் வந்த சட்டம் அது. சொந்தப் பேனா கூடாது, அழியாத பென்சிலை அங்கேயே கொடுப்பார்கள். வெளியே வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.